ஒரு படி தவிடு

3 ஜூன் 1935, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கங்களில் பாடக் குறிப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சிறுமிகளுக்குப் பொருட்பாடம் சொல்லிக் கொடுத்தபோது எழுதியது. கடைசித் தலைப்பு: மனித உடல் எதனால் ஆனது? அதன் கீழே கரி, பிராணவாயு, ஜலவாயு என்கிற ஹைட்ரஜன், பிரெஞ்சில் அஸோத் என்று சொல்லும் நைட்ரஜன். பிறகு எலும்புக்குச் சுண்ணாம்பும் பாஸ்பரஸும், இரத்தத்துக்கு இரும்பு, ஒரு சிட்டிகை கந்தகம், கொஞ்சம் உப்பு. அந்தப் பக்கத்தோடு லீவு போட்டுவிட்டுப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்பக்கமெல்லாம் காலி. வீணாக்குவானேன்?

பிள்ளைக்கு இன்றோடு இருபது நாள். இரண்டாவது பையன். மூத்தவன் அமலநாதன் போன வருஷம் ஏப்ரலில், மூன்று மாதம் முடிந்த கையோடு போய்விட்டான். கடைசி இரண்டு நாள் வாயைத் திறந்து திறந்து அழுதான், சத்தமே வரவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

இன்று சைகோன் மூட்டையைப் பிரித்தார்கள். அப்பா அங்கே பிரெஞ்சு சர்க்கார் சிறையில் காவல் உத்தியோகம். பெண்ணின் பிரசவத்துக்குத் தாய்வீட்டுச் சீராக அரிசி அனுப்புவது அவருடைய வழக்கம். போன தடவையும் அனுப்பினார். நன்றாகத் தீட்டிய வெள்ளை வெளேர் அரிசி. அம்மா ஒரு கை அள்ளித் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். "கடையரிசி திங்கிற வூடா இது?" என்று கேட்டாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எனக்குப் பத்தியம். மூன்று முறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, அந்தச் சோறு. மிளகு ரசம், வறுத்த உப்பு, ஒரு சொட்டு நெய். காய் கிடையாது, கீரை கிடையாது, பருப்பு வாய்வு, மீன் மாந்தம். போன தடவை நாற்பதாம் நாள் ஒரு கொய்யாப்பழம் தின்றேன். அதனால்தான் அமலனுக்கு அப்படி ஆயிற்று என்று அம்மா சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை பத்தியம் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டாள். நானும் எதிர்த்துப் பேசவில்லை.

5 ஜூன்

புழுக்கம். ரசம்.

9 ஜூன், ஞாயிறு

நேற்று கோயிலில் ஞானஸ்நானம். அருளானந்தம் என்று பெயர். இன்று வீட்டில் இன்னொரு சடங்கு, சாமியாருக்குத் தெரியாமல்.

மூத்தது தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு வாங்க வேண்டுமாம். பிள்ளையை வேறொருத்தி பிள்ளை மாதிரி அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது. சாவு வந்து பார்த்தால், இது தவிட்டு விலைக்கு வந்த பிள்ளை, கொண்டுபோய் என்ன பிரயோஜனம் என்று போய்விடுமாம். சாவுக்கு அவ்வளவு விலைவாசி தெரியுமா என்று கேட்டேன். அம்மா முறைத்தாள்.

வாங்கிக்கொள்ள வந்தவள் அந்தோணிமேரி. குருசுக்குப்பத்துக்காரி, புருஷன் கடலுக்குப் போகிறவன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைக்கிறாள். அவளுக்கும் கைக்குழந்தை, பெண், என் பிள்ளையைவிடப் பத்து நாள் மூப்பு. பெற்று ஒரு மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டாள். உனக்குப் பத்தியம் இல்லையா என்று கேட்டதற்குச் சிரித்தாள். "எங்கூட்ல ஏது சின்னம்மா பத்தியம்? வலையில வந்தது சட்டியில."

எல்லாம் தயார், தவிடு மட்டும் இல்லை! சைகோன் அரிசி சாப்பிடுகிற வீட்டில் தவிடு எங்கேயிருந்து வரும்? கடைசியில் அந்தோணிமேரியே ஓடிப்போய், தன் வீட்டில் குத்திப் புடைத்த சிவப்புத் தவிட்டை ஒரு படி கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதையே அவளிடம் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். முறத்தில் கிடந்த பையன் தும்மினான்.

"என் புள்ளய ஒரு படி தவுட்டுக்கு வித்துட்டேன். இனிமே இவன் பேரு பக்கிரி. அருளானந்தம்னு கூப்புட்டா எனக்கு வாய் சுளுக்கும்" என்றாள் அந்தோணிமேரி.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவரும் வந்திருந்தார். மருந்துக் கடையில் மருந்து கலக்கும் வேலை அவருக்கு. எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்க்கிற மனுஷன். மீசைக்குள் சிரித்துக்கொண்டே நின்றார். அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். எழுதினால் யாருக்குத் தெரியும்? க்சாவியே. க்சாவியே. இதோ இரண்டு தடவை எழுதிவிட்டேன், அவர் ஆயுசு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

24 ஜூன், திங்கள்

அப்பாவின் கடிதம். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நான் உரக்கப் படித்தேன். நவம்பரில் உத்தியோகம் முடிகிறதாம். ரெத்ரேத், அதாவது பென்ஷன், வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிடுவார். தங்கை ழனெத்துக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நாங்கள் எழுதியது போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளுடைய பிரசவத்துக்குத் தன் கையாலேயே அரிசி கொண்டுவருகிறாராம், நான்கு மூட்டை.

ஓர் இடத்தை இங்கே எழுதி வைக்கிறேன். அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்: "இங்கே கைதிகளுக்கு டாக்டர் உத்தரவுப்படி தவிடு போகாத கறுத்த அரிசிதான். நானே நின்று அளந்து போடுகிறேன். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்பதைப் பார்க்கும்போது, என் பெண்கள் வீட்டில் இந்த அரிசி கண்ணில் படக்கூடாது என்று நினைத்துக்கொள்வேன். ஆகையால் ஆலைக்கே போய், இருப்பதிலேயே வெள்ளையாகப் பொறுக்கி எடுத்து அனுப்புகிறேன்."

அப்பாவை நான் கடைசியாகப் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது.

1 ஜூலை

உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி. எறும்பு இல்லை, பார்த்துவிட்டேன்.

5 ஜூலை

இன்று எழுந்து நடந்தபோது தரை இருப்பதே தெரியவில்லை. காலில் துணி சுற்றிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கிறது. "பச்ச ஒடம்புடி, அப்படித்தான் இருக்கும். எந்திரிச்சு எந்திரிச்சு நடக்காத" என்கிறாள் அம்மா. சாயங்காலம் பார்த்தால் கணுக்கால் வீங்கியிருந்தது. ரசத்தில் மிளகை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டாள்.

7 ஜூலை, ஞாயிறு

க்சாவியே வந்தார். காலைப் பார்த்தார். மனுஷன் முகம் மாறிவிட்டது, ஆனாலும் "இரத்தம் குறைவு, அவ்வளவுதான்" என்றார். அந்தோணிமேரியும் அதே மாதம் பெற்றவள்தானே, அவள் தலையில் கூடையோடு எட்டு வைத்து நடக்கிறாளே என்று கேட்டேன். அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சோறுதான்! அவள் வீட்டில் சிவப்புப் புழுங்கலரிசி, எங்கள் வீட்டில் சைகோன்.

அதைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் அரிசியில் ஒரு பிடி, அந்தோணிமேரி அரிசியில் ஒரு பிடி, இரண்டையும் காகிதத்தில் மடித்துக்கொண்டார். முதலில் இங்கேயே அயோடின் ஒவ்வொரு சொட்டு விட்டுக் காட்டினார். இரண்டும் கருநீலமாயின. "பாத்தியா, ரெண்டும் மாவுப்பொருள்தான். கரி, பிராணவாயு, ஜலவாயு. வித்தியாசம் ஒண்ணுமில்ல."

வாத்திச்சி நான், எனக்கே பாடம். மீதியை மருந்துக் கடையில் எரித்துச் சாம்பலை நிறுத்துப் பார்க்கப்போகிறாராம்.

10 ஜூலை

சாம்பலின் எடையைச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். நூறு கிராம் சைகோன் அரிசிக்கு அரைக் கிராம் சாம்பல். நூறு கிராம் சிவப்பரிசிக்கு ஒரு கிராமுக்கு மேல். கூடுதலாக இருப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ் உப்பாம். "குற்றவாளி அகப்பட்டான்" என்று கீழே கோடு வேறு போட்டிருக்கிறார். கூடவே ஒரு புட்டி: சுண்ணாம்பும் பாஸ்பரஸும் சேர்ந்த தூள், தினம் இரண்டு கரண்டி. எனக்கும் மனது லேசாயிற்று. குறைவது எது என்று தெரிந்தால் அதைப் போட்டு நிரப்ப வேண்டியதுதானே? பாடப் புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது.

சீமைச் சுண்ணாம்பைக் கரைத்துக் குடிப்பதுபோல இருக்கிறது.

21 ஜூலை, ஞாயிறு

பதினொரு நாளாகக் குடிக்கிறேன். கால் அப்படியேதான். இப்போது கைவிரல் நுனியும். பால் மட்டும் குறைவில்லாமல் சுரக்கிறது, அதற்கு மாதாவுக்குத் தோத்திரம். பையன் குடிக்கிறான், கக்குகிறான், திரும்பக் குடிக்கிறான். முகம் ஊதி, கொழுகொழு என்று இருக்கிறான். பார்க்க வந்தவர்கள் கண்படப் போகிறது என்கிறார்கள்.

அமலனும் இப்படித்தான் கொழுகொழு என்று இருந்தான்.

28 ஜூலை, ஞாயிறு

சத்தம் குறைஞ்சிடுச்சு. காலையில அழுதான், கரகரன்னு இருந்தது. சளின்னு நெனச்சேன். மத்தியானம் வாயத் திறந்து மூஞ்சி செவக்க அழறான் — காத்துதான் வருது. காத்துதான். அதே மாதிரி. அதே மாதிரி.

நான் ஒண்ணும் திங்கலியே. சத்தியமா ஒண்ணும் திங்கல. கொய்யா இல்ல, மாங்கா இல்ல, மிளகு ரசத்தத் தவிர என் நாக்குல ஒண்ணும் படல. இவனுக்கு ஏன்? யேசுவே, இவனுக்கு ஏன்?

29 ஜூலை, திங்கள்

பையனுக்கு உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. டாக்டர் வந்தார். தொண்டையில் வீக்கம் என்றார், தேன் தடவச் சொன்னார். போன வருஷமும் தொண்டை என்றுதான் சொன்னார்கள்.

அப்பாவுக்கு எழுதலாம் என்று விலாசத்துக்காகப் பழைய கடிதத்தை எடுத்தேன். எழுதுவதற்கு முன் சும்மா கண்ணை ஓட்டினேன். "டாக்டர் உத்தரவுப்படி தவிடு போகாத கறுத்த அரிசி." அன்றைக்கு மூன்று தடவை உரக்கப் படித்தேன், ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கைதிக்குத் தண்டனை என்றே எடுத்துக்கொண்டோம். தண்டனை என்றால் அதற்கு உத்தரவு போடுகிறவர் சிறை அதிகாரி அல்லவா? டாக்டர் ஏன் போடுகிறார்?

டாக்டர் போடுவது தண்டனை இல்லை. மருந்து.

அந்தோணிமேரியைக் கூப்பிட்டேன். உன் பெண் எப்படி அழுகிறாள் என்று கேட்டேன். பைத்தியமா என்கிற மாதிரி பார்த்தாள். "அவளா? கடல்ல இருக்குற எங்காளுக்குக் கேக்கும்" என்றாள். என் பிள்ளையை அவள் மடியில் போட்டேன். பால் குடு என்றேன்.

அம்மா ஓடி வந்தாள். நம் வீட்டுப் பிள்ளை, குப்பத்துப் பாலா, சாதி சனம் என்ன சொல்லும் என்று கத்தினாள். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை: "நீதானே அவகிட்டேர்ந்து தவுட்டுக்கு வாங்குன? அவ புள்ளதானே இது? அவ குடுக்கட்டும்!"

பக்கிரி குடித்தான்.

க்சாவியேவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

30 ஜூலை

காலையிலேயே வந்துவிட்டார். கடிதத்தைக் காட்டினேன். படித்தார். உட்கார்ந்தார்.

மருந்துக் கடைக்கு வருகிற பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் இரண்டு வருஷம் முன்பே படித்தாராம். ஜாவாத் தீவில் பெரி-பெரி என்று ஒரு வியாதி. தீட்டிய அரிசியே தின்கிற கோழிகளுக்குக் கால் விழுந்துவிடுகிறது, தவிட்டைப் போட்டால் எழுந்து நடக்கின்றன. தவிட்டில் இருக்கிற அந்தப் பொருளுக்கு வித்தமின் என்று பெயர். கோழி சமாசாரம் நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாராம்.

"அப்போ நீங்க எரிச்சுப் பாத்தப்ப அது ஏன் தெரியல?"

"எரிச்சுப் பாத்தா எப்படித் தெரியும் சூசான்? அதுவும் அதே கரி, அதே ஜலவாயு, அதே அஸோத்துதான். எரிஞ்சு பொகையோட போயிடுச்சு. மிச்சத்த நிறுத்துட்டு நான் கண்டுபுடிச்சேன்னு எழுதுனேன்..." கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. அமலன் போனபோதும் பார்க்கவில்லை.

அதட்டினேன். அழ நேரமில்லை, தவிடு வேண்டும் என்றேன். அந்தோணிமேரி வீட்டுக்கு அவரே போய் வாங்கி வந்தார். தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, இளஞ்சூட்டில் சுண்ட வைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாக. எனக்குத் தவிட்டுக் கஞ்சியே. அதோடு பருப்பும் கீரையும். அம்மா அடுப்படியை எங்களுக்கு விட்டுவிட்டு வாசலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

31 ஜூலை

சத்தம் இல்லை. ஆனால் கக்கவில்லை.

1 ஆகஸ்டு

சத்தம் இல்லை. உதட்டில் நீலம் குறைந்த மாதிரி இருக்கிறது. நானாக நினைத்துக்கொள்கிறேனா?

2 ஆகஸ்டு, வெள்ளி

காலை பத்து மணி. அந்தோணிமேரி வரக் கொஞ்சம் தாமதம், பையனுக்குப் பசி. முதலில் கிரீச்சென்று ஒன்று, கதவுக் கீல் மாதிரி. அப்புறம் அழுதான். அழுதான்! எதிர்வீட்டு ஜன்னல் திறந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா முழங்காலில் விழுந்துவிட்டாள். அவனைச் சமாதானப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை, அழட்டும் என்று சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

10 ஆகஸ்டு

எனக்கு மெதுவாகத்தான் வருகிறது. இன்று தரை ஜில்லென்று இருப்பது தெரிந்தது. தவிட்டுக் கஞ்சி தொண்டையில் அடைத்துக்கொள்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். தவிட்டைப் புடைக்க முறம் பிடித்துக்கொண்டு நிற்கிறார் க்சாவியே. "தவுடு திங்கிற ராசாவுக்கு முறம் புடிக்கிற மந்திரி" என்று தன்னையே சொல்லிக்கொண்டார். பிறகு நானே சிரித்துவிட்டேன், கஞ்சி மூக்கில் ஏறிவிட்டது.

15 ஆகஸ்டு, மாதா மோட்சமான திருநாள்

இரண்டு மாதத்துக்குப் பிறகு கோயில் வரைக்கும் நடந்தேன். தடுமாறாமல் போய் வந்தேன்.

பூசையில் மனது நிற்கவில்லை. கொய்யாப்பழத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாறு மாதமாக அந்த ஒரு பழத்தைச் சுமந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன், சாமியார் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அது இல்லை. நான் தின்றது அவனைக் கொல்லவில்லை. உண்மையில், தின்ன விடாமல் வைத்ததுதான்... அமலா, என் பாலை நம்பித்தானே நீ குடித்தாய்? பால் வெள்ளையாகத்தான் இருந்தது, வயிறு நிறையத்தான் இருந்தது. உனக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லை. எனக்கே இல்லாததை எப்படிக் கொடுப்பேன்?

வீட்டுக்கு வந்து நோட்டின் முன்பக்கத்தைத் திறந்தேன். கரி, பிராணவாயு, ஜலவாயு, அஸோத், சுண்ணாம்பு, பாஸ்பரஸ், இரும்பு. ஒன்றும் தப்பில்லை. இந்தச் சரக்கையெல்லாம் ஒரு மேசைமேல் குவித்து வைத்தால் பிள்ளை எழுந்து அழுமா? சேர்ந்திருக்கிற விதம் ஒன்று இருக்கிறது, அதை நான் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. எனக்கே தெரியாது. இனிமேல் தெரியாது என்றாவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கொய்யா இல்லையென்றால் யார்? அந்தக் கேள்வி வந்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

8 செப்டம்பர்

அப்பாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

9 செப்டம்பர்

ழனெத் வந்திருந்தாள். ஐந்து மாதம், நடை மாறிவிட்டது. அப்பா கொண்டுவரப்போகிற அரிசியைப் பற்றியே பேச்சு. அவள் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளாம், சைகோன் சீர் வருகிறது என்று. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்து கேட்டாள். பிறகு, "அக்கா, அரிசிய வேணாம்னா அப்பா ஏன்னு கேப்பாரே? என்னான்னு சொல்றது?" என்றாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "வாங்கி வச்சுக்க. திங்காத. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது ரெண்டு பேரும். மூத்த பேரனத் தானே கொன்னுட்டோம்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்குவாராடி?"

அம்மா சொல்வதும் நியாயம்தான். அவர் என்ன, தெரிந்தா செய்தார்? ஆனால் அப்பா ஊரோடு வருகிறார். ழனெத் வீட்டில் உட்கார்ந்து, தன் பெண் தான் கொண்டுவந்த சோற்றைத் தின்பதைப் பார்க்க ஆசைப்படுவார். மாமியார் ஆக்கிப்போடுவாள், இவள் தின்பாள். முடியாது என்று சொல்லத் தெரிந்த பெண் இல்லை ழனெத். அப்புறம் அப்பாவின் நண்பர்கள் வீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு, இன்னும் எத்தனை மூட்டை போகும்?

17 நவம்பர், ஞாயிறு

கப்பல் வந்தது. கடலுக்குள் நீளும் கப்பல்துறைப் பாலத்தில் கூட்டம். படகிலிருந்து அப்பா இறங்கியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை, தலை அவ்வளவு நரைத்துவிட்டது. பக்கிரி அவருடைய கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பலசாலி! சைகோன் அரிசி பேசுது பாத்தியா" என்றார். பின்னாலேயே நான்கு மூட்டைகளும் இறங்கின.

அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

19 நவம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு. நாளைக்கு மூட்டைகளை ழனெத் வீட்டுக்கு வண்டியில் ஏற்ற வேண்டும் என்று அவர் சொன்னபோது. எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு மாதம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அப்பா, அங்க கைதிங்களுக்கு டாக்டர் ஏன் கருப்பரிசி போடச் சொன்னாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"கால் மரத்து, வீங்கி, மாரடச்சு விழுந்தானுங்க. முன்ன. அரிசிய மாத்துனதும் நின்னு போச்சு" என்றார். சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். நான் என் கால்களைப் பற்றிச் சொன்னேன். பக்கிரியின் தொண்டையைப் பற்றிச் சொன்னேன். அமலனைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரே கேட்டார்.

"மூத்தவன்... அவன் எத்தினி நாளு அப்படி அழுதான்?"

"ரெண்டு நாளு. சத்தம் வரலப்பா."

அடுப்படியில் அம்மா விசும்புவது கேட்டது. அப்பா எழுந்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், தடியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

20 நவம்பர்

க்சாவியே தேடிப்போய்க் கல்லறைத் தோட்டத்தில் பார்த்தாராம். அமலன் சிலுவைக்குப் பக்கத்தில், வெயிலில், தரையில் உட்கார்ந்திருந்தாராம். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எரித்து நிறுத்த கதையைச் சொன்னாராம். இரண்டு ஆண்களும் வேறென்ன பேசினார்களோ, என்னிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா என்னிடம் பேசியது இவ்வளவுதான்: "எட்டு வருசம் இந்தக் கையால அளந்து போட்டேன் சூசான். அதுக்கப்புறம் ஒரு கைதிகூட சாவல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் இல்லை, அப்பா. இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தக் கையைப் பிடித்தபோது இல்லை.

2 டிசம்பர்

மூட்டைகள் மூலையில் கிடக்கின்றன. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிக்க வைத்துத் துணிக்குக் கஞ்சி போடுகிறாள். க்சாவியேயின் சட்டைகள் எல்லாம் தகரம் மாதிரி நிற்கின்றன, கழுத்தை அறுக்கிறது என்கிறார்.

அப்பா யாரோடும் அதிகம் பேசுவதில்லை. பக்கிரியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார், வருகிறார்.

9 பிப்ரவரி 1936, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ழனெத்துக்குப் பெண் குழந்தை. அகஸ்டினா என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். தாயும் பிள்ளையும் சுகம். சீர் எங்கே என்று மாமியார் கேட்டாளாம். வருகிறது என்று அம்மா சொல்லிவிட்டு வந்துவிட்டாள், என்ன வருகிறது என்று அவளுக்கே தெரியாது.

இன்று காலை பூசை முடிந்து எல்லாரும் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரம். நான் பக்கிரியோடு வாசலில் இருந்தேன். குருசுக்குப்பம் பக்கமிருந்து அப்பா வந்தார். வெள்ளைக் கோட்டு, மார்பில் பதக்கம், கோயிலுக்குப் போன அதே உடுப்பு. தோளில் ஒரு மூட்டை. கூலியாள் இல்லை, வண்டி இல்லை. அந்தோணிமேரி பின்னாலேயே "குடுங்க ஐயா, நான் தூக்கியாறேன்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள், அவர் கொடுக்கவில்லை. அவள் வீட்டு உரலில் குத்தியது. சாக்கின் ஓட்டை வழியாகச் சிவப்பு அரிசி ஒன்றிரண்டு தெருவில் விழுந்துகொண்டே வந்தது. கோட்டுத் தோளெல்லாம் தவிடு.

எதிர்வீட்டு ராஜாங்கமும் ரெத்ரேத் வாங்குகிறவர்தான், அப்பாவோடு சைகோனில் இருந்தவர். அவர் மருமகளும் உண்டாகியிருக்கிறாள். நடுத்தெருவில் நின்று சிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன முசியே லெயோன், மாட்டுக்கா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா நின்றார். மூட்டையை இறக்கவில்லை.

"இல்ல. எம் பொண்ணுக்கு" என்றார். "உம் மருமகளுக்கும் வேணும். சாயங்காலம் வா, ஏன்னு சொல்றேன்."

பிறகு ழனெத் வீட்டுப் பக்கம் நடந்து போனார். ராஜாங்கம் ஐந்து மணிக்கு வந்தார். அப்பா கதவைச் சாத்தச் சொல்லவில்லை, குரலையும் தணிக்கவில்லை. அமலன் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.